ஜீவனாம்சம் பிச்சையல்ல, உரிமை

(தாராவியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூலி உயர்வு, குடிசை மாற்று, ரேஷன் அட்டை என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று இதே மேடையில் குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அது வீட்டுச் சங்கதி, சங்கத்துக்கு எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேஸ்திரி ஒரு தொழிலாளியைக் கை நீட்டி அடித்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "கொஞ்சம் அனுசரித்துப் போ தம்பி" என்றா சொல்கிறோம்? கொடியை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் போய் நிற்கிறோம். அதே தொழிலாளி இரவு வீட்டுக்குப் போய் மனைவியை அடிக்கிறான். மறுநாள் அவள் வீங்கிய முகத்தோடு சங்கத்து வாசலில் வந்து நிற்கிறாள். அவளிடம் என்ன சொல்கிறோம்? "அனுசரித்துப் போம்மா, குடும்பம் என்றால் நாலும் இருக்கும்." பட்டறையில் அநியாயமாக இருந்த ஒன்று, பத்துக்குப் பத்து கோலிக்குள் நுழைந்ததும் நியாயமாகிவிடுமா?

அதனால்தான் இது சங்கத்துக் காரியம் என்கிறேன். யாரையும் விவாகரத்து வாங்கும்படி தூண்டுவதற்காக நான் வரவில்லை. சேர்ந்து வாழ முடிந்தவர்கள் நூறாண்டு வாழட்டும். ஆனால் வாழ முடியாமல் வெளியே வருகிற பெண், தெருவுக்கு வந்துவிட்டோம் என்று அஞ்சக் கூடாது. சட்டம் அவளுக்கு என்ன கொடுத்திருக்கிறது, அதை எங்கே கேட்க வேண்டும், நாம் அவளுக்கு எப்படித் துணை நிற்க வேண்டும் என்பவற்றைத்தான் இன்று பேச வேண்டும்.

போராடி வந்த சட்டம்

இந்த உரிமையை யாரும் தங்கத் தட்டில் வைத்து நீட்டவில்லை. நாம் பிழைக்க வந்த இதே பம்பாயில், சிறுவயதில் கட்டிவைத்த கணவனோடு வாழ மாட்டேன் என்று ருக்மாபாய் என்ற பெண் மறுத்தார். "கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை" என்று 1887-இல் நீதிமன்றம் சொன்னது. சிறைக்கே போகிறேன் என்றார் அந்த அம்மையார். அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவர் இங்கிலாந்து போய் மருத்துவம் படித்து டாக்டராகத் திரும்பி வந்தார்.

தமிழ்நாட்டில், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டும் என்று பெரியார் இயக்கம் தீர்மானம் போட்டது. பம்பாய் மாகாணம் 1947-இலும் சென்னை மாகாணம் 1949-இலும் இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டம் கொண்டுவந்தன. நாடு முழுமைக்கும் ஒரே சட்டமாக இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றப் பாடுபட்டவர் அண்ணல் அம்பேத்கர். அது முடக்கப்பட்டதும் 1951 செப்டம்பரில் மந்திரி பதவியையே தூக்கி எறிந்தார். பெண்ணின் உரிமைக்காகப் பதவி துறந்த சட்ட மந்திரி அவர்.

1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் கொடுமைப்படுத்தினான் என்பதற்காக நேரே விவாகரத்து கேட்க முடியாது. நீதிமன்ற உத்தரவோடு தனித்து வாழலாம், அவ்வளவுதான். அதற்கும், இவனோடு இருந்தால் எனக்குத் தீங்கு நேரும் என்ற நியாயமான அச்சத்தை அவள் காட்ட வேண்டும். 1976-இல் வந்த திருத்தம்தான் கொடுமையை நேரடியாக விவாகரத்துக்கே காரணம் ஆக்கியது. இன்று 13-ஆம் பிரிவில், "திருமணத்துக்குப் பிறகு மனுதாரரைக் கொடுமையாக நடத்தியது" என்ற அளவில் அது நிற்கிறது. அந்த அச்சத்தைக் காட்ட வேண்டும் என்ற வாசகம் போய்விட்டது.

எது கொடுமை?

"அடிச்சானா? காயம் எங்கே? காட்டு" என்று கேட்பது நம்மவர் வழக்கம். சட்டம் அதைத் தாண்டி எப்போதோ போய்விட்டது.

1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன தஸ்தானே வழக்கை எல்லா வக்கீல்களும் அறிவார்கள். கொலை வழக்கில் கேட்பதுபோல் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சியத்தைக் கொடுமை வழக்கில் கேட்கக் கூடாது. இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்து, நடந்திருக்கக்கூடியது எது என்ற அளவில் முடிவு செய்தால் போதும் என்றது அந்தத் தீர்ப்பு. நாலு சுவருக்குள் நடப்பதற்கு நாற்பது சாட்சி எங்கிருந்து வரும்?

அதே தீர்ப்பில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொடுமை நடந்த பிறகு அதை மன்னித்துத் தாம்பத்தியம் தொடர்ந்தால், பழைய கொடுமையை மட்டும் சொல்லி விவாகரத்து கேட்க முடியாது. அந்த வழக்கு கணவர் தொடுத்தது. அவர் தோற்றது இந்தக் காரணத்தால்தான். ஆனால் மன்னிப்பு நிபந்தனைக்கு உட்பட்டது. மறுபடியும் கொடுமை தலைதூக்கினால் பழைய கணக்கும் உயிர் பெற்றுவிடும். "பெரியவர்கள் சொன்னார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் போனேன், இனி எனக்கு வழக்கே இல்லையா?" என்று கேட்கிற தங்கச்சிகளுக்கு இது பதில். உண்டு அம்மா, உண்டு.

1988-இல் ஷோபா ராணி வழக்கு. கணவர் டாக்டர், மனைவியும் படித்தவர். ஓயாமல் பணம் கேட்டு நச்சரித்தார்கள். வரதட்சணை கேட்பதே கொடுமைதான், துன்புறுத்த வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்று தேட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. "நான் வேணும்னா அடிச்சேன், கோபத்துல வந்துடுச்சு" என்ற சாக்கு அங்கே செல்லாது.

2007-இல் உச்ச நீதிமன்றம் மனக் கொடுமைக்கு நீண்ட எடுத்துக்காட்டுப் பட்டியல் ஒன்றைத் தந்தது. தொடர்ந்த இழிவான பேச்சு, அலட்சியம், சித்திரவதையான நடத்தை, இனிச் சேர்ந்து வாழும்படி நியாயமாகக் கேட்கவே முடியாது என்ற அளவுக்கு ஆக்கிவிடுதல் ஆகியவை அதில் உண்டு. ஒரு சம்பவத்தைப் பிய்த்து எடுத்துப் பார்க்காமல் வாழ்க்கை முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று ஒரு நாள் நடந்த சண்டை, எல்லா வீட்டிலும் உள்ள சிறு பிணக்கு, இவை கொடுமை ஆகா என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

நம் குடும்பங்களில் கொடுமை வருகிற வழிகளை நாம் அறிவோம். ஊரில் மனைவியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு இங்கே வருவான். முதல் வருடம் மணியார்டர் போகும். பிறகு நின்றுவிடும். விசாரித்தால் இங்கே வேறொரு குடும்பம் இருக்கும். இன்னொருத்தி இங்கேயே இருப்பாள். இட்லி சுட்டு விற்று அவள் சம்பாதிக்கிற காசு சாராயக் கடைக்குப் போகும். கேட்டால் உதை விழும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவான். "உங்க அப்பனைக் கூட்டிட்டு வா" என்று திருநெல்வேலியிலிருந்து கிழவனை ரயிலேற்றி வரவழைத்து, சால் முழுக்கக் கேட்கும்படி வசை பாடுவான். வங்கிப் புத்தகமும் ஆதார் அட்டையும் மாமியார் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தோன்றுகிறவை கூட, ஐந்தாறு வருடம் சேர்ந்தால் ஒரு மனுஷியை உருக்குலைத்துவிடும். அதைத்தான் நீதிமன்றம் பார்க்கிறது.

இவற்றைக் காட்ட என்ன வேண்டும்? சயான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட சீட்டு. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த என்.சி. நகல். ஊருக்கு எழுதிய கடிதம், போனில் வந்த வாட்ஸ்அப் வசை. அடுத்த கோலிக்காரியின் சாட்சி. சங்கத்துக்கு எழுதிய மனு கூட ஆதாரம்தான். ஆகவே தாய்மார்களே, "கீழே விழுந்துட்டேன் டாக்டர்" என்று பொய் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லி எழுத வையுங்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கொடுமை ஒரு குற்றமும் ஆகும். 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 498-ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிய பிரிவுகளாக இருக்கிறது. கணவனுக்கும் அவன் உறவினருக்கும் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் விவாகரத்து கேட்பதற்குக் கிரிமினல் வழக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அது வேறு வழி, இது வேறு வழி.

இன்னொரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கொடுமை என்ற காரணம் கணவனுக்கும் உண்டு. இல்லாத பழியைச் சுமத்தினால் அதுவே எதிராளிக்குச் செய்த கொடுமையாகக் கணக்காகலாம். ஆகவே நடந்ததை மட்டும் சொல்லுங்கள். உண்மைக்கு மிகை தேவையில்லை.

மூன்று மதத்துப் பெண்களுக்கும்

நம் சங்கத்தில் இந்துக் குடும்பம், கிறிஸ்தவக் குடும்பம், முஸ்லிம் குடும்பம் எல்லாம் உண்டு. கிறிஸ்தவப் பெண்களுக்கு 1869-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டம். கணவன் எவ்வளவு அடித்தாலும் அது மட்டும் போதாது; அவன் வேறு பெண்ணோடு தொடர்பு வைத்திருந்தான் என்றும் சேர்த்துக் காட்ட வேண்டும். கணவனுக்கோ அந்த இரட்டைச் சுமை கிடையாது. 1997-இல் நம் பம்பாய் உயர் நீதிமன்றம் இந்த ஓரவஞ்சனை செல்லாது என்றது. 2001-இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. இன்று கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கொடுமை ஒன்றே போதுமான காரணம்.

முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் ஆண்டின் திருமண ரத்துச் சட்டம் இருக்கிறது. வழக்கமாக அடிப்பது, அடிக்காவிட்டாலும் வாழ்க்கையை நரகமாக்குவது, அவள் சொத்தை விற்றுத் தின்பது, பல மனைவியர் இருந்தால் சமமாக நடத்தாதது ஆகியவை அதில் கொடுமை என்றே எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு வருடம் சோறு போடாமல் விட்டுவிட்டால் அதுவே தனிக் காரணம். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏட்டில் இருக்கிற உரிமை இது. நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜீவனாம்சம்

இனி வயிற்றுப் பாட்டுக்கு வருவோம். விவாகரத்து கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஜீவனாம்சம் கேட்கலாம். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மதத்தவருக்கும் பொதுவாக இருந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் இதில் கேட்கலாம். விவாகரத்து ஆன பெண்ணும் மறுமணம் செய்யாத வரை கேட்கலாம். முஸ்லிம் பெண்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி 1985-இன் ஷா பானு தீர்ப்பிலிருந்து நாட்டையே உலுக்கியது. பொருந்தும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

1973-இன் சட்டத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு போட்டிருந்தார்கள். விலைவாசி எத்தனை மடங்கு ஏறியும் அந்த 500 நகரவில்லை. 2001-இல்தான் அந்த வரம்பை எடுத்தார்கள். இன்று அவன் வருமானத்தையும் அவள் தேவையையும் பார்த்து நீதிமன்றம் தொகை குறிக்கும். வழக்கு முடியும் வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். எதிராளிக்கு நோட்டீஸ் போன 60 நாளுக்குள் கூடியவரை அதை முடிக்க வேண்டும் என்பது சட்டம். விவாகரத்து வழக்கிலேயே இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் இடைக்காலத் தொகையும் வழக்குச் செலவும், 25-ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சமும் உண்டு.

கணவன்மார் சொல்லும் சாக்குகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது.

ஒன்று: "எனக்கு வேலையே இல்லை." நம் ஆட்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. தோல் பட்டறையிலோ தையல் கடையிலோ கையில் வாங்குகிற கூலிதான். அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். உடம்பில் தெம்பு உள்ளவன் கூலி வேலை செய்தாவது மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-இல் கட்டளையிட்டது.

இரண்டு: "அவள்தான் சம்பாதிக்கிறாளே." நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அரை வயிறு நிரப்புகிறாள் என்பதற்காக உரிமை போய்விடாது. அந்த வருமானம் கணவன் வீட்டில் அவள் வாழ்ந்த நிலைக்குப் போதுமானதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று 2007-இல் தீர்ப்பாகியிருக்கிறது. தொகையைக் குறிக்கும்போது அவள் வருமானத்தையும் கணக்கில் எடுப்பார்கள், அவ்வளவே.

மூன்று: "அவள் என் மனைவியே இல்லை." ஊரில் ஒருத்தி இருப்பதை மறைத்து இங்கே ஒருத்தியைக் கட்டியவன் கடைசியில் சொல்கிற சாக்கு இது. மகாராஷ்டிரத்து வழக்கொன்றில் 2013-இல் உச்ச நீதிமன்றம், ஏமாற்றி இரண்டாம் தாரம் கட்டியவன் தன் ஏமாற்று வேலையையே கேடயமாகப் பிடிக்க முடியாது, சோறு போடத்தான் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள் ஐயர் இல்லை, அக்கினி இல்லை என்று அஞ்ச வேண்டாம். 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் அதைச் சட்டபூர்வமாக்கியது. அழைப்பிதழ், படம், வந்திருந்தவர்கள் சாட்சி இருந்தால் போதும்.

எந்தத் தேதியிலிருந்து கிடைக்கும்? மனுப் போட்ட தேதியிலிருந்து கொடுக்க வேண்டும் என்று 2020 தீர்ப்பு சொல்கிறது. கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை ஒன்றரை வருடம் இழுத்தாலும் கோரிக்கை வைத்த நாளிலிருந்து பாக்கியைக் கொடு என்று நாம் கேட்பதில்லையா? அதே நியாயம்தான். ஜீவனாம்சமும் ஒரு பாக்கி. அவள் சமைத்தது, துவைத்தது, பெற்றது, வளர்த்தது எல்லாவற்றுக்கும் நின்றுபோன பாக்கி.

உத்தரவு ஆன பிறகும் கொடுக்காவிட்டால்? பாக்கியை வசூலிக்க வாரண்ட் பிறப்பிக்கலாம். அப்படியும் தராவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை உள்ளே போடலாம். சிறைக்குப் போய் வந்ததால் கடன் தீர்ந்துவிடாது என்று 1989-இலேயே தீர்ப்பு உண்டு. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போட வேண்டும். "அடுத்த மாசம் தருவான்" என்று காத்துக்கொண்டிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

ரயில் தூரம் தடையல்ல

பிழைக்க வந்த நம் மக்களுக்குப் பெரிய குழப்பம் இதுதான். கல்யாணம் ஊரில் நடந்தது, வாழ்ந்தது மும்பையில், இப்போது பெண் தாய்வீட்டில் இருக்கிறாள். வழக்கை எங்கே போடுவது? "முடிஞ்சா மும்பைக்கு வந்து கேஸ் நடத்திப் பாரு" என்று சவால் விடுகிற கணவன்மார் உண்டு. ரயில் டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்கும் வழியில்லாத பெண் அதைக் கேட்டு அடங்கிப் போகிறாள்.

அடங்க வேண்டியதில்லை. ஜீவனாம்ச மனுவை அவன் இருக்கும் இடத்திலும் போடலாம், அவள் இருக்கும் இடத்திலும் போடலாம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்திலும் போடலாம். விவாகரத்து மனுவை, 2003-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இந்து மனைவி தான் வசிக்கிற ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். மும்பையில் கொடுமைப்பட்டுத் தூத்துக்குடிக்குப் போய் அடைக்கலம் புகுந்த பெண், கொடுமைக்கான கிரிமினல் புகாரைத் தூத்துக்குடியிலேயே கொடுக்கலாம் என்று 2019-இல் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். உடம்பு இங்கே அடிபட்டாலும் மனம் அங்கேயும் வலித்துக்கொண்டுதானே இருக்கிறது என்பதுதான் அதன் நியாயம்.

இதற்கு எதிராக அவன் ஒரு தந்திரம் செய்வான். "என் மனைவியை என்னோடு வாழ அனுப்புங்கள்" என்று முந்திக்கொண்டு ஒரு வழக்குப் போடுவான். உத்தரவு வாங்கிவிட்டால், வராதவளுக்கு ஜீவனாம்சம் எதற்கு என்று வாதாடலாம் என்பது கணக்கு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கைத் தப்பாக்கிவிட்டது. அப்படி உத்தரவு இருந்தாலும், திரும்பிப் போகாததற்குத் தக்க காரணம் இருந்தால் ஜீவனாம்சம் உண்டு.

இங்கேயே தங்கி வழக்காட விரும்புகிற பெண்ணுக்கு வீடு வேண்டுமே? 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையை அது தருகிறது. கோலி மாமனார் பேரில் இருக்கிறது, வாடகைக்கு இருக்கிறது என்பதெல்லாம் அவளைத் தள்ளக் காரணம் ஆகாது. மாமனார் பேரில் உள்ள வீடும் அவள் வாழ்ந்த வீடுதான் என்று 2020-இல் தீர்ப்பாகியிருக்கிறது. அடிக்காதே என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை. மாற்று வீட்டுக்கு வாடகை, மருத்துவச் செலவு, ஜீவனாம்சம் எல்லாவற்றையும் அதே மனுவில் கேட்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம்.

சங்கம் செய்ய வேண்டியது

இனி நம் பங்கு. நாம் பஞ்சாயத்து பேசுகிறோம். நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறோம். ஆனால் நாம் எழுதிக் கொடுக்கிற முத்திரைத்தாள், பல நேரங்களில் பெண்ணின் கழுத்துக்குக் கத்தியாகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

"இருவரும் மனமொத்துத் தனித்து வாழ்கிறோம்" என்று ஒரு வரி எழுதுவோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பரஸ்பர சம்மதத்தில் தனித்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று அதே 125-ஆம் பிரிவில் விதிவிலக்கு இருந்தது; 144-லும் இருக்கிறது. அடி தாங்காமல் ஓடி வந்தவளை, மனமொத்துப் பிரிந்தவளாக நாம் எழுதிவிடுகிறோம். அவன் வக்கீல் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். நீதிமன்றத்தில் மனமொத்து விவாகரத்து வாங்குவது வேறு. அங்கே தொகை பேசி, நீதிபதி முன்னால் பதிவாகும். சங்கத்துத் தாள் அப்படியல்ல.

அடுத்து, "இனிமேல் உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. சில சாதிகளில் அறுத்துக்கட்டும் வழக்கம் காலங்காலமாக உண்டு. நிரூபிக்கக்கூடிய பழைய வழக்கத்தைச் சட்டமும் மதிக்கிறது. அந்த வழக்கம் இல்லாதவர்களுக்குச் சங்கத்துத் தாள் விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்ட பெண்ணுக்குத்தான் ஆபத்து.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவை. கணவனையும் அவன் உறவுக்காரர்கள் பத்துப் பேரையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டு பெண்ணை விசாரிக்காதீர்கள். சங்கத்துப் பெண் உறுப்பினர் இருவர் அவளிடம் தனியே பேசட்டும். வக்கீல் பார்க்காத எந்தத் தாளிலும் அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டாம். அவள் கொடுக்கும் மனுவுக்குத் தேதி போட்டு நகல் கொடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று மலைக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும். ஆபத்து நேரத்தில் 112, பெண்கள் உதவிக்கு 181. பாந்த்ராவில் குடும்ப நீதிமன்றம் 1989 முதல் இருக்கிறது. அங்கே மராத்தியும் ஆங்கிலமும் ஓடும். தமிழ் மட்டும் தெரிந்த பெண் அந்த வராந்தாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, தன் பேரைக் கூப்பிட்டது புரியாமல் திரும்பி வரக் கூடாது. அவளோடு போய் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்ல மொழி தெரிந்த இளைஞர்கள், பெண்பிள்ளைகள் ஒவ்வொரு சாலிலும் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள், முறை வைத்துக்கொண்டு போனால் போதும்.

வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சட்டத்தில் 60 நாள் என்று எழுதியிருந்தாலும் வாய்தா மேல் வாய்தா விழும். அந்த இடைவேளையில்தான் பெண்கள் சோர்ந்து போய், கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த மாதங்களில் அவளுக்கு ஒரு வேலையும் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் சங்கம் பார்த்துக்கொண்டால், அவள் நிமிர்ந்து நிற்பாள். வேலை நிறுத்தக் காலத்தில் அரிசி வசூலித்து அடுப்பெரிய வைத்த சங்கங்கள் இந்த நகரத்தில் இருந்தன. 1982-இல் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தைப் பார்த்த பெரியவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். ஒரு பெண்ணின் வழக்கும் அப்படி ஒரு வேலைநிறுத்தம்தான். தனியாளாக நடத்துகிற வேலைநிறுத்தம்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சேட்டிடம் நாம் கேட்பது மரியாதையும் நியாயமான பங்கும். வீட்டில் மனைவி கேட்பதும் அந்த இரண்டைத்தான். வெளியே உரிமை என்று முழங்கிவிட்டு வீட்டில் கை ஓங்குகிறவனைச் சங்கத்தில் எந்தப் பொறுப்பிலும் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டுகிறேன். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எதிர்க்கட்டும், பேசித் தீர்ப்போம்.

தாய்மார்களே, இன்று கேட்டதை உங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஊருக்குப் போன் செய்யும்போது, கணவன் பணம் அனுப்பாமல் விட்டுவிட்ட அக்கா தங்கச்சி அங்கே இருந்தால், மும்பைக்கு வராமலேயே அங்கேயே மனுப் போடலாம் என்று முதலில் சொல்லுங்கள்.